மேஸ்திரி வீட்டுச் சுவர்

தடால்!

முன்னறையில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். டெய்லர் கையிலிருந்த டீ அவர் சட்டையிலேயே கொட்டிவிட்டது. சத்தம் வந்த நேரத்தில் பேசிக்கொண்டிருந்தவர் அவர்தான். அவர் பேசிக்கொண்டிருந்தது இதுதான்:

"நான் கேக்கறேன், நம்ம மேஸ்திரி கட்டின செவுரு ஒண்ணாவது இதுவரைக்கும் விழுந்திருக்கா? சொல்லுங்க பாப்போம்!"

பதில் வீட்டின் பின்பக்கத்திலிருந்து வந்தது.

எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினார்கள். அங்கே சமையலறை பாதிதான் இருந்தது. பின்சுவர் முழுவதும் வெளிப்பக்கமாகச் சரிந்து, மழையில் ஊறிய மண்ணில் மல்லாந்து கிடந்தது. சுவர் இருந்த இடத்தில் மக்காச்சோளக் காடு தெரிந்தது. சாரல் நேராக உள்ளே அடித்தது. அடுப்புக்கு முன்னால், டீ வடிகட்டி கையோடு, தலையெல்லாம் புழுதியாக மேஸ்திரியின் மனைவி நின்றிருந்தாள்.

"அம்மா! அடி பட்டுச்சா?" பெரிய மகன் கத்தினான்.

"இல்லடா. வெளியில விழுந்துச்சு. டீதான் மண்ணாப் போச்சு."

குனிந்து அடுப்பை அணைத்தாள். விழுந்த சுவரை ஒருமுறை பார்த்தாள். அப்புறம் பார்க்கவில்லை. வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்க மிகவும் சிரமப்பட்டார்கள்.

"மழை..." என்று இழுத்தார் டெய்லர்.

"மழை எல்லார் வீட்லயும்தான் பெய்யுது" என்றார் ஹெட்மாஸ்டர்.

அவர்கள் வந்தது மேஸ்திரியின் போட்டோ கேட்டு. பள்ளிக்கூடத்தில் கூடம் கட்டியவர் மேஸ்திரி. அந்தக் கூடத்திலேயே அவர் படத்தை மாட்டுவது, படத்துக்குக் கீழே நாலு வார்த்தை எழுதுவது என்று ஏற்பாடு. என்ன எழுதுவது என்பதில்தான் பேச்சு நீண்டுபோயிருந்தது. கடைசியில் ஹெட்மாஸ்டர் தீர்ப்பு சொன்னார்: 'விவசாயி, மேஸ்திரி, குடும்பஸ்தர்.' ஆகா, இதைவிடச் சுருக்கமாக ஒரு மனிதனைச் சொல்ல முடியுமா என்று டெய்லர் ஆரம்பித்து, அந்த உற்சாகத்தில்தான் சுவரைப் பற்றிய கேள்வியைக் கேட்டுத் தொலைத்தார்.

போட்டோ வாங்காமலேயே ஒவ்வொருவராக நழுவினார்கள்.

சாயங்காலத்துக்குள் செய்தி டீக்கடைக்குப் போய்விட்டது.

"ரொம்பத் தூக்கி வச்சுப் பேசிட்டாங்களாம். கனம் தாங்காம விழுந்துடுச்சாம்" என்றார் டீக்கடைக்காரர். சிரித்தவர்களில் பாதிப் பேர் மேஸ்திரி கட்டிய வீட்டில்தான் குடியிருந்தார்கள். சிரித்து முடித்து வீட்டுக்குப் போனவர்கள், யாரும் பார்க்காத நேரத்தில் அவரவர் சுவரை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டார்கள்.

*

மேஸ்திரி போய்ச் சேர்ந்தது போன அறுவடை முடிந்த கையோடு. வரப்பில் கொஞ்சம் உட்கார்கிறேன் என்று உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே இருந்துவிட்டார். படுக்கையில் விழவில்லை, யாரையும் தண்ணீர் கேட்கவில்லை. கொடுத்து வைத்த சாவு என்றது ஊர்.

வாழ்க்கையும் அப்படித்தான், யார் வாயிலும் விழாத வாழ்க்கை. மழை மாதங்களில் காட்டில் இருப்பார். மக்காச்சோளம், ஊடே வெங்காயம். வெயில் ஏற ஆரம்பித்ததும் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டுக் கொத்துக்கரண்டியைக் கையில் எடுப்பார். "பாதி வருஷம் சேறு திங்கிறேன், மீதி வருஷம் சிமெண்டு திங்கிறேன். சோறு எப்பத் திங்கிறேன்னு என் பொண்டாட்டிக்குத்தான் தெரியும்" என்பார். எல்லா வேலையிடத்திலும் சொல்லும் ஜோக். எல்லா இடத்திலும் சிரித்தார்கள்.

வேலையில் ராட்சசன். செங்கலை ஊற வைக்காமல் ஒரு கல் வைக்க மாட்டார். எடுத்த கல்லை விரல் கணுவால் தட்டுவார். 'ணங்'கென்றால் சுவருக்கு, 'தொப்'பென்றால் அப்படியே முதுகுக்குப் பின்னால் எறிந்துவிடுவார். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிற வழக்கம் கிடையாது. கீழ் வரிசையில் இரண்டு கல் சேருகிற மூட்டுக்கு மேலே ஒரு முழுக் கல் உட்கார வேண்டும்; மூட்டுக்கு நேராக மூட்டு வந்தால் அந்தச் சுவர் சுவரே அல்ல, அடுக்கி வைத்த மூட்டை. ஒருமுறை இடுப்பளவு எழும்பிவிட்ட சுவரை, இப்படி ஒரு மூட்டு தப்பியதற்காகக் காலால் எட்டி உதைத்துத் தள்ளினார். வைத்த ஆள் அன்றைக்கே வேலையை விட்டுப் போனான். அந்தக் கதையை ஊர் இன்னும் சொல்கிறது. அந்தச் சுவரை வைத்தவன் கட்சியில் யாரும் இல்லை.

அந்தச் சுவர்களுக்கெல்லாம் கலவைச் சட்டி சுமந்தவள் அவர் மனைவி. சாந்து குழைக்கிற இடத்திலிருந்து சாரத்துக்கு, சாரத்திலிருந்து குழைக்கிற இடத்துக்கு. மத்தியானம் மற்றவர்கள் நிழலில் சாயும்போது அவள் வீட்டுக்கு ஓடி, அடுப்பு மூட்டி, சோறும் கீரையும் கொண்டுவருவாள். மழைக்காலத்தில் களையெடுப்பும் அவள்தான். வேலைக்கு ஆள் எத்தனை பேர் என்று வீட்டுக்காரர்கள் கேட்டால் மேஸ்திரி விரல் விட்டு எண்ணிச் சொல்வார். அந்த விரல்களில் அவளுக்கு ஒன்று இருந்ததில்லை.

அவர்களுடைய வீடு வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த வீடு. எந்த வேலையில் என்ன மிஞ்சியதோ அது இங்கே வந்து சேர்ந்தது. முன்வாசல் கதவு ஏதோ ஒரு கிடங்கின் கதவு. குனிய வேண்டிய அவசியமே இல்லாத உயரம். ஜன்னல்கள் நாலு திசையில் நாலு அளவு. "எங்க வீட்டு ஜன்னலுங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்காதுங்க" என்பாள் அவள். பெரியவன் பிறந்தபோது ஓர் அறை, சின்னவன் பிறந்தபோது இன்னோர் அறை. சமையலறைதான் கடைசி. அதற்கு ஒவ்வொரு வருஷமும் 'அடுத்த வெயிலுக்கு' என்று ஒரு நாள் குறிக்கப்பட்டது.

*

தார்ப்பாயை இழுத்துக் கட்டியும் சாரல் நிற்கவில்லை. முன்னறையில் நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவன் டவுனில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். சின்னவன் வேன் ஓட்டுகிறான். மகளை அடுத்த ஊரில் கொடுத்திருக்கிறது. அம்மா தரையில் காலை நீட்டி, ஈரமான அரிசியை முறத்தில் பரப்பிக்கொண்டிருந்தாள்.

பெரியவன் தொண்டையைச் செருமினான்.

"இனிமே நீ இங்க தனியா இருக்க முடியாதும்மா."

"ஏன், என்னாச்சு?"

"என்னாச்சா? செவுரே விழுந்துடுச்சு!"

"விழுந்தா எடுத்துக் கட்டறது."

"ஒண்ணு விழுந்தா அடுத்தது விழாதா? உள்பக்கம் விழுந்திருந்தா இந்நேரம் நாங்க உன்னை வாரி எடுத்திருக்கணும். வீட்டை இடிச்சுடலாம். ரோட்டோர இடம். டயர் கடைக்காரர் கேட்டுக்கிட்டே இருக்காரு. நீ என்கூட கொஞ்ச நாள், தம்பிகூட கொஞ்ச நாள்னு இருந்துக்க."

"ஓகோ, டயர் கடை வரைக்கும் பேசியாச்சா?" என்றாள் மகள். "செவுரு இன்னைக்குத்தானே விழுந்துச்சு. நீ எப்பண்ணா பேசினே?"

"உனக்கு என்ன, நீ பேசாம இரு."

"நான் ஏன் பேசாம இருக்கணும்? அம்மாவை எங்க படுக்க வைப்பே? ஃப்ரிட்ஜுக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவுலயா? போன தடவை அங்கதான் படுத்திருந்துச்சு. எழுந்து தண்ணி குடிக்கக்கூட அண்ணிகிட்ட பர்மிஷன்."

"என் பொண்டாட்டியை இழுக்காதே."

"நான் எங்க இழுத்தேன்? அவங்கதான் ஃப்ரிட்ஜை இழுத்து அம்மா காலை மிதிச்சாங்க."

சின்னவன் சிரித்துவிட்டான். அண்ணன் முறைத்ததும் சிரிப்பை விழுங்கி, "அண்ணன் சொல்றதும் சரிதாம்மா. ரிஸ்க் எடுக்க முடியாது" என்றான்.

அம்மா அரிசியில் ஒட்டியிருந்த செங்கல் துணுக்குகளைப் பொறுக்கிப் போட்டாள்.

"நான் எங்கயும் வரல. காடு இருக்கு. ரெண்டு கோழி இருக்கு. எனக்குப் பசிச்சா நான் அடுப்பு மூட்டிக்குவேன், பசிக்கலைன்னா சும்மா கிடப்பேன். உங்க வீட்ல வந்து சாப்பாட்டு நேரத்துக்குப் பசிக்க என்னால ஆகாது."

"புடிவாதம் புடிச்சா எப்படிம்மா? சரி, ஒண்ணு பண்ணுவோம். சித்தப்பா வந்து பாக்கட்டும். அவருக்குக் கைவந்த தொழில். வீடு நிக்கும்னு அவர் வாயால சொன்னா, நான் இடத்தைப் பத்திப் பேசவே மாட்டேன், நீ இங்கயே இரு. நிக்காதுன்னு சொன்னா நீ கிளம்பணும். சம்மதமா?"

அம்மா முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள்.

"வரச் சொல்லு."

*

சித்தப்பா என்று பிள்ளைகள் கூப்பிட்டது சொந்தச் சித்தப்பாவை அல்ல. மேஸ்திரியோடு காலமெல்லாம் கூட்டுச் சேர்ந்து வேலை பார்த்தவர். சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கிற தூக்குக்குண்டை எந்நேரமும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலைவதால் ஊரில் அவருக்குப் பெயரே தூக்குக்குண்டு. பை கனத்து இடப்பக்கம் இழுத்து இழுத்து, ஆள் இடப்பக்கமாகவே சாய்ந்து நடப்பார். "எல்லாத்தையும் நேராக்கறவர், தான் மட்டும் கோணல்" என்று மேஸ்திரி கிண்டல் பண்ணுவார்.

மறுநாள் காலையில் மழை கொஞ்சம் விட்டிருந்தது. தூக்குக்குண்டு வந்ததும் டீகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராகப் பின்பக்கம் போனார். சுவர் கிடந்த இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பூச்சு பெரிய பெரிய பாளமாக உடைந்து கிடந்தது. அதற்கடியில் இருந்த கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு கல்லை எடுத்துத் தட்டினார். 'தொப்.' இன்னொன்று. 'தொப்.' விரலை நுழைத்து இரண்டு கல்லுக்கு நடுவில் இருந்ததைத் தோண்டி, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். மண். வெறும் காட்டு மண்.

அவர் முகம் வாடுவதை எல்லோரும் பார்த்தார்கள். பின்வாசலில் சாய்ந்து நின்ற அம்மாவும் பார்த்தாள்.

"என்ன சித்தப்பா?" என்றான் பெரியவன்.

"சிமெண்டே இல்லப்பா. மண்ணுல வச்சிருக்கு. பாதிக் கல்லு வேகாத கல்லு. அஸ்திவாரம், கடக்கால்னு ஒண்ணு தோண்டவே இல்ல, மேல் மண்ணை வழிச்சுட்டு அப்படியே வச்சிருக்கு." சரிந்தும் குலையாமல் கிடந்த ஒரு பகுதியைக் காட்டினார். "இதைப் பாரு. மூட்டுக்கு மேல மூட்டு, மூட்டுக்கு மேல மூட்டு, கீழேருந்து உச்சி வரைக்கும். புதுசா வந்த சித்தாள்கூட இப்படி வைக்க மாட்டான். இதுக்கா செவுத்தை உதைச்சு ஒருத்தனைத் துரத்தினாரு?"

"அப்ப மத்த செவுரு?"

தூக்குக்குண்டு வீட்டைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு மூலையிலும் குண்டைத் தொங்கவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். எல்லாம் நூல் பிடித்த மாதிரி நின்றன.

"நிக்குது. இப்ப நிக்குது."

"இனிமேலும் நிக்குமான்னுதான் கேக்கறோம்."

"எனக்கு எப்படிப்பா தெரியும்? பூச்சுக்குள்ள என்ன இருக்குன்னு எவன் கண்டான்? ஊருக்கெல்லாம் நானும் அவரும் சேர்ந்துதான் கட்டினோம். இந்த வீட்டுக்கு மட்டும் என்னைக் கரண்டி புடிக்க விடல. 'என் வீட்டை நானே கட்டிக்கிறேன், நீ வந்து டீ குடிச்சுட்டுப் போ'ம்பாரு. பெருமைக்குத்தான் சொல்றாருன்னு நினைச்சேன். இப்ப பாத்தா..."

வேலிக்கு அந்தப் பக்கம் டெய்லரின் தலை தெரிந்தது. எப்போது வந்தாரோ.

"தம்பி, ஒரு நிமிஷம். அப்ப என் வீடு?"

"உன் வீட்டை நான் கூட நின்னு கட்டினேன்யா! போய்த் தைக்கிற வேலையைப் பாரு!"

"இல்ல, ராத்திரி பூரா மேல்மாடியில ஒரு சத்தம்..."

"எலிதான்யா!"

டெய்லரின் தலை மறைந்தது. தூக்குக்குண்டு எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டார். அம்மாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை அவரால்.

"அண்ணி, நான் பொய் சொல்ல மாட்டேன். ஒரு செவுத்துல இந்த வேலை பண்ணினவர் மத்ததுலயும் பண்ணியிருக்க மாட்டார்னு எந்த நம்பிக்கையில சொல்றது? நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா என்னால நிம்மதியாச் சோறு திங்க முடியுமா? நீங்க புள்ளைங்களோட போயிடுங்க."

"சரி, முடிஞ்சுது" என்றான் பெரியவன். பாரம் இறங்கிய குரல். "தம்பி, நீ வேனை நாளைக்கு..."

"முடியல" என்றாள் அம்மா.

"அம்மா, பேச்சு மாறக்கூடாது. நீதானே சம்மதிச்சே."

"நான் மாறல. உங்க சித்தப்பாகிட்ட ஒண்ணு கேக்கணும். ஏம்பா, அந்தச் செவுரு உன் அண்ணன் வச்சதுன்னு உனக்கு யார் சொன்னது?"

தூக்குக்குண்டு விழித்தார். "அவர் வீடு. அவர் வைக்காம வேற யாரு?"

"நான் வச்சேன்."

 தார்ப்பாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னம்மா சொல்றே?" என்றான் சின்னவன்.

"தமிழ்லதானே சொல்றேன். நான் வச்ச செவுருடா அது." படி இறங்கி வந்து, விழுந்த சுவர்மேலேயே உட்கார்ந்தாள். "இவ அப்ப தவழ்ந்துட்டு இருந்தா. சமையக்கட்டுன்னா என்ன, நாலு கம்பு, மேல தகரம், பின்னால சாக்குப்படுதா. காத்து அடிச்சா அடுப்பு அணையும். மழை அடிச்சா விறகு நனையும். நாய் வந்து சட்டியில வாயை வைக்கும். ஒரு செவுரு வச்சுக் குடுங்க, ஒரே ஒரு செவுருன்னு நான் கேக்காத நாள் இல்ல. அடுத்த வெயிலுக்கும்பாரு. அந்த வெயிலுக்கு வெளியூர்ல யாரோ பெரிய மனுஷன் பங்களா. கிளம்பிட்டாரு. வந்து வைக்கிறேன்னாரு."

"அப்பா அந்த பங்களாவைப் பத்தி எத்தனை தடவை சொல்லியிருக்காரு" என்றான் பெரியவன் மெதுவாக. "சமையலறையில மட்டும் மூணு ஜன்னலாம்."

"ஆமா. மூணு ஜன்னல். நானும் கேட்டிருக்கேன்." அம்மா ஒரு கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஒரு நாள் காத்துல சாக்கு அடுப்புல விழுந்து புடிச்சிக்கிச்சு. இவ இடுப்புல இருந்தா. ஒரு கையால இவளைப் புடிச்சிக்கிட்டு ஒரு கையால தண்ணியை ஊத்தி அணைச்சேன். மறுநாளே ஆரம்பிச்சேன். அவர் வேண்டாம்னு எறிஞ்ச கல்லெல்லாம் வேலியோரம் குமிஞ்சு கிடந்துச்சு. காட்டு மண்ணைக் கொட்டி, தண்ணி விட்டு, காலாலயே மிதிச்சேன். காலையில காட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வரிசை, வந்து ஒரு வரிசை. நீங்க ரெண்டு பேரும்தான் கல்லு எடுத்துக் குடுத்தீங்க. மறந்துட்டீங்க."

  ஏதோ ஒரு வெயில், உள்ளங்கை சிராய்ந்த ஒரு ஞாபகம் பெரியவனுக்குள் எழும்பியதோ என்னவோ, கையை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"ஆனா அண்ணி" தூக்குக்குண்டுக்கு இன்னும் பிடிபடவில்லை, "நீங்க காலமெல்லாம் எங்க கூடவே நின்னீங்க. மூட்டுக்கு மேல மூட்டு வைக்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்? தலையில சட்டியோட நடக்கறவ காலடியைப் பாப்பாளா, செவுத்தைப் பாப்பாளா? நிமிர்ந்தா கலவை கொட்டும், கொட்டினா திட்டு. நீங்க கட்டி முடிச்சுப் பூசினப்புறம்தான் நான் நிமிர்ந்தே பாத்திருக்கேன். கல்லுக்கு நேரா கல்லு வச்சேன். வரிசை வரிசையா, கோடு போட்ட மாதிரி இருந்துச்சு. எனக்கு அதுதான் அழகாத் தெரிஞ்சுது."

தூக்குக்குண்டு சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறிவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"மண்ணு, வேகாத கல்லு, கடக்கால் இல்ல, மூட்டும் தப்பு. இது இத்தனை வருஷம் நின்னதே தப்பு அண்ணி."

"நிக்கணும்னு தினம் சொல்லிக்கிட்டே சமைச்சேன்."

"ஏம்மா இத்தனை நாளா சொல்லல?" என்றான் சின்னவன்.

"யாருடா கேட்டீங்க?"

தூக்குக்குண்டு இதற்குமேல் நிற்கவில்லை. உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு, சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருந்த சுவரில் பூச்சைக் கொத்தினார். சிமெண்டுப் பொடி பறந்தது. உள்ளே செங்கல் தெரிந்ததும் முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். உளியால் ஒரு கல்லைத் தட்டினார். 'ணங்.' வீட்டின் மூலையில் கொத்தினார், முன்னறையில் கொத்தினார். ஒவ்வோர் இடத்திலும் மூட்டுக்கு மேல் முழுக் கல். நடுவில் சிமெண்டுக் கலவை, இரும்பாக இறுகியிருந்தது.

"இது அண்ணன் கை!" என்று கத்தினார். "இதுதான் அண்ணன் கை! இடிக்கணும்னா நீங்க ஊர்ல இருக்கற கடப்பாரையெல்லாம் கொண்டாரணும். டேய் பெரியவனே, வீடு நிக்கும். உன் புள்ளைக்குப் புள்ளை வந்தாலும் நிக்கும். அண்ணி இங்கயே இருக்கட்டும். போதுமா?"

பெரியவன் தலையைக் குனிந்துகொண்டு, "சொன்னா சொன்னதுதான். அம்மா இங்கயே இருக்கட்டும்" என்றான். டயர் கடைக்காரரிடம் என்ன பதில் சொல்வது என்ற யோசனை முகத்தில் ஓடியது.

தூக்குக்குண்டு உளியைத் துடைத்தார். "நான் நேரா டீக்கடைக்குப் போறேன். விழுந்தது மேஸ்திரி வச்ச செவுரே இல்லன்னு சொல்லிட்டு வரேன். ஊர்ல அவனவன் செவுத்தைத் தட்டிக்கிட்டுத் தூங்காம கிடக்கான். அண்ணன் பேரு தப்பிச்சுது!"

"இருங்க சித்தப்பா" என்று பெரியவன் அவசரமாகக் குறுக்கே வந்தான். "அதைச் சொல்லாதீங்க."

"ஏன்டா?"

"விழுந்தது அவர் வச்சதில்லைன்னா, யாரு வச்சதுன்னு கேப்பாங்க இல்ல? ஊருக்கெல்லாம் வீடு கட்டினவரு, பொண்டாட்டிக்கு ஒரு செவுரு வச்சுக் குடுக்கலைன்னு பேசுவாங்க. அப்பா படத்துக்குக் கீழ குடும்பஸ்தர்னு எழுதணும்ங்கறாரு ஹெட்மாஸ்டர்."

"அப்ப மேஸ்திரின்னு எழுத வேண்டாமா? இதைச் சொல்லலைன்னா அதை எப்படி எழுதுவாங்க?"

"மழை அரிச்சுடுச்சுன்னு சொல்லிக்கலாமே" என்றான் சின்னவன்.

"மழைக்கு விழற செவுரு வச்சவன் மேஸ்திரியாடா?"

"அதுக்காக அப்பாவை..."

"ரெண்டுல ஒண்ணுதான்டா கிடைக்கும்! எது வேணும்னு நீங்களே சொல்லுங்க!"

மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்கள். அம்மா குனிந்து, உடையாத கற்களைத் தனியாக எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். பழக்கதோஷம், கல்லுக்கு நேராகக் கல். சட்டென்று நிறுத்தி, மேல் கல்லை அரைக் கல் அளவு தள்ளி வைத்தாள்.

"நீங்க என்ன வேணா எழுதிக்குங்க. எனக்கு உலை வைக்கணும். நாய் வந்துட்டுப் போயிட்டிருக்கு."

"நான் வச்சுத் தரேன் அண்ணி" என்றார் தூக்குக்குண்டு. "நல்ல கடக்கால் போட்டு, சிமெண்டுல. மழை விடட்டும்."

"உன் அண்ணனும் இதைத்தான் சொன்னாரு. இன்னைக்கு ஆரம்பிக்கறதுன்னா ஆரம்பி. இல்லைன்னா டீ குடிச்சுட்டுக் கிளம்பு, நானே வச்சுக்கறேன். இந்தத் தடவை மூட்டு எப்படின்னு தெரிஞ்சு போச்சு."

தூக்குக்குண்டு சட்டையைக் கழற்றி வேலியில் போட்டார். பையில் இருந்த குண்டு கம்பியில் இடித்துக் கணீரென்றது. மண்வெட்டி எங்கே இருக்கிறது என்று சின்னவனிடம் கேட்டார். அவன் போய் எடுத்துவந்தான். பெரியவன் டவுனுக்குப் போட்டிருந்த பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டினான்.

மகள் மட்டும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.  ஒரு கல்லை எடுத்து அம்மா கையில் கொடுத்தாள்.

"ஏம்மா, அப்பா பங்களா வேலை முடிச்சுட்டு வந்து பாத்திருப்பாரு இல்ல? நீ தனியா இவ்வளவு பெரிய செவுரு வச்சிருக்கறதைப் பாத்து என்ன சொன்னாரு?"

மண்வெட்டிச் சத்தம் நின்றது. ஆண்கள் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா கல்லில் ஒட்டியிருந்த மண்ணைப் பெருவிரலால் வழித்துப் போட்டாள்.

"யாராவது பாத்தாங்களான்னு கேட்டாரு. இல்லைன்னேன். பொழுது சாயறதுக்குள்ள பூசிட்டாரு."